பிழைகளின் பதிவேடு: ஹாட்சரின் குறிப்பேடு பற்றி ஒரு மதிப்பீடு

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் அலமாரியில் சீட்டு உதிர்ந்துபோன குப்பி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெண்மையான படிகங்கள். பார்வைக்குச் சாதாரண உப்புப் போலவே இருக்கின்றன. இருபுறமும் உள்ள குப்பிகளிலும் உப்புதான் இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? "இதுவும் உப்புதான்" என்று புதுச்சீட்டு எழுதி ஒட்டுவீர்களா? அல்லது முறைப்படி அப்புறப்படுத்துவீர்களா? நல்ல ஆசிரியர் இரண்டாவதைத்தான் செய்யச் சொல்வார். அரைக்குப்பி உப்பு வீணாகிறதே என்று மாணவனின் மனம் அடித்துக்கொள்ளும். அந்த மனக்குறையை வெல்வதும் அறிவியல் கல்வியின் ஒரு பகுதியே.

இதே கேள்வி இன்னும் ஆபத்தான இடத்தில் எழுந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டும் நூல் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்க இராணுவத்தில் படைக்கலத் துறை அதிகாரியாக இருந்த ஜூலியன் ஹாட்சர் எழுதி, 1947-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த 'ஹாட்சர்ஸ் நோட்புக்' என்பதே அந்நூல். அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அமெரிக்காவில் சுட்டுமுடித்த தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ளும் பழக்கம் உடையவர்கள் இதை இன்றும் புரட்டுகிறார்கள்.

நம் நாட்டில் அப்படிச் செய்ய முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே செய்முறை கற்பிப்பது என் நோக்கமன்று. ஒரு பிழை நேர்ந்துவிட்டால் அதைக் காப்பாற்றப் பார்ப்பதா, கைவிடுவதா என்ற கேள்விக்கு இந்நூல் எந்த அளவு விடை தருகிறது, எங்கே தவறுகிறது என்பதை எடை போடுவதே நோக்கம்.

நான்கு பொருள்களும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும்

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். ரைபிள் தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை. பித்தளையால் ஆன கூடு. அதன் அடியில் பொருத்தப்பட்ட சிறிய கேப்பு. கூட்டுக்குள் இருக்கும் மருந்து. வாயில் செருகப்பட்ட குண்டு. ஊசி கேப்பைத் தட்டுகிறது. கேப்பு தீப்பொறியை உமிழ்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு குண்டைத் தள்ளுகிறது. இத்தனையும் ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிகின்றன.

இந்த மருந்து பழங்காலத்துக் கரிமருந்து அன்று. நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. சில வகைகளில் நைட்ரோ கிளிசரினும் சேர்ந்திருக்கும். திறந்த வெளியில் கொளுத்தினால் இது விரைவாக எரியுமே தவிர வெடிப்பதில்லை. அடைபட்ட இடத்தில் கதை வேறு. அழுத்தம் கூடக்கூட இது வேகமாக எரிகிறது; வேகமாக எரிவதால் அழுத்தம் மேலும் கூடுகிறது. ஆகவே மருந்தின் அளவில் ஏற்படும் சிறு மாற்றம் அழுத்தத்தில் அதே விகிதத்தில் தோன்றாமல் பெரிதாகித் தோன்றுகிறது.

எவ்வளவு அழுத்தம்? அமெரிக்காவில் நீண்டகாலம் படைத் தோட்டாவாக இருந்த '.30-06' வகைக்கு அந்நாட்டுத் தோட்டாத் தொழிலாளர் சங்கம் அன்று, தயாரிப்பாளர் கழகம் வகுத்துள்ள உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. மோட்டார் காரின் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 30 பவுண்டு. இரண்டாயிரம் மடங்கு! சுடுபவரின் கண்ணுக்குச் சில அங்குலத் தொலைவில், ஒரு பித்தளைக் கூடும் அதைச் சூழ்ந்த எஃகும் இதைத் தாங்கி நிற்கின்றன. இந்நிலையில் நான்கு பொருள்களில் ஒன்று மாறிப்போனாலும் விளைவு எதுவாகவும் இருக்கலாம்.

கண்ணை நம்பிய கொல்லர்கள்

ஹாட்சர் நூலின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால், ஸ்பிரிங்ஃபீல்டு 1903 மாதிரி ரைபிள்களின் கதை என்று தயங்காமல் சொல்வேன். அந்த ரைபிளில் குழலின் பின்முனையைப் பிடித்து நிற்கும் எஃகு உடலை 'ரிசீவர்' என்பார்கள். 1917-ஆம் ஆண்டு, ஒரு தனியார் ஆலை செய்தளித்த தோட்டாக்களைச் சுட்டபோது சில ரிசீவர்கள் கண்ணாடி போல நொறுங்கின. அத்தோட்டாக்களின் அடிப்பகுதிப் பித்தளை இருக்கவேண்டிய கடினம் இல்லாமல் மென்மையாக இருந்தது. அது கிழிந்து வாயு பின்னோக்கிப் பாய்ந்தது.

தோட்டாதான் குற்றவாளி என்று அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் நல்ல எஃகு வளைந்து கொடுக்கவேண்டுமே அன்றி நொறுங்கலாமா? இந்தக் கேள்வி விசாரணையை உலைக்களத்துக்குக் கொண்டுசென்றது. அங்கே எஃகைக் காய்ச்சும் பதத்தை அனுபவம் மிக்க தொழிலாளர்கள் அதன் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவந்தனர். வெப்பமானியை வைத்து அளந்தபோது உண்மை வெளிப்பட்டது. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில், அவர்கள் கண்ணுக்குச் சரியான நிறமாகத் தோன்றிய எஃகு, மேகமூட்டமான நாளில் இருந்ததைவிட 300 டிகிரி பாரன்ஹீட் வரை கூடுதலாகக் காய்ந்திருந்தது! வெளிச்சத்தில் தணலின் செம்மை மங்கித் தெரிகிறது. ஆகவே இன்னும் காயட்டும் என்று விட்டார்கள். எஃகு உள்ளே கருகிப்போனது.

தொழிலாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்களா? இல்லை. அவர்கள் முழுக் கவனத்தோடுதான் பார்த்தார்கள். பார்ப்பது என்ற முறையே தவறாக இருந்தது. 1918-ல் முறை மாற்றப்பட்டது. அதற்குள் ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 8,00,000 வரிசை எண் வரையிலும், ராக் ஐலண்டில் 2,85,507 வரையிலும் செய்யப்பட்ட ரைபிள்கள் ஐயத்துக்கு உரியனவாகிவிட்டன. மீண்டும் பதப்படுத்தி அவற்றைக் காப்பாற்றலாமா என்றும் பார்த்தார்கள். கருகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

ஹாட்சர் 1917 முதல் 1929 வரை வெடித்த 68 ரிசீவர்களைப் பட்டியலிடுகிறார். இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. பல விபத்துகளில் எஃகின் குறை தனியாக வரவில்லை; வேறொரு பிழையோடு கூடி வந்தது. மென்மையான பித்தளை ஒரு தடவை, அடைபட்ட குழல் ஒரு தடவை, ஜெர்மானிய 7.92 மில்லிமீட்டர் தோட்டாவைத் தவறுதலாகப் போட்டது ஒரு தடவை. அந்தத் தோட்டா நீளம் குறைந்தது; ஆகவே அமெரிக்க ரைபிளின் அறையில் நுழைந்துவிடும். ஆனால் அதன் குண்டு 0.323 அங்குலம்; போகவேண்டிய வழியோ 0.308 அங்குலக் குண்டுக்கு உரியது. 'உள்ளே நுழைகிறது, ஆகவே பொருந்துகிறது' என்று எண்ணியதுதான் பிழை.

ஈயம் பூசிய குண்டு

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். அக்காலக் குண்டுகளின் மேலுறை செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அது குழலுக்குள் கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கப் போட்டிக்காரர்கள் குண்டில் மசகு தடவிச் சுடுவது வழக்கம். 1921-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டிக்காகக் குண்டுகளின் மேல் வெள்ளீயம் பூசித் தந்தார்கள். குழலில் கசடு ஒட்டவில்லை. குறியும் நன்றாக விழுந்தது. எல்லாரும் மகிழ்ந்தனர்.

ஆனால் நாளாக ஆக, வெள்ளீயம் பித்தளைக் கூட்டின் கழுத்தோடு பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டது. சுட்டபின் எடுத்துப் பார்த்த குண்டுகள் சிலவற்றில் கூட்டின் கழுத்தும் சேர்ந்தே வந்திருந்தது. இத்துடன் மசகும் சேர்ந்தால்? கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமில்லை, அழுத்தம் எகிறியது. மசகு தடவவேண்டாம் என்று எச்சரித்திருந்தும் சிலர் பழக்கத்தால் தடவினார்கள். ரைபிள்கள் சிதைந்தன.

இங்கே யாருடைய பிழை? வெள்ளீயம் தனியே கேடு செய்யவில்லை. மசகு பல்லாண்டு பயன்பட்ட பொருள். இரண்டும் கூடியதே கேடு. வீட்டில் தோட்டா நிரப்புகிறவர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுதான்: ஒவ்வொரு பொருளும் நல்லதாக இருப்பது போதாது, அவற்றின் சேர்க்கை சோதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

நூலின் குறைகள்

இனிக் குறைகளுக்கு வருவோம். ஹாட்சர் கேள்விப்பட்டதை அப்படியே எழுதுகிறவர் அல்லர். வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு திரும்பி விழும்போது என்ன வேகம் இருக்கும் என்று ஊரெல்லாம் வாதிட்டபோது, நீரின் நடுவே மேடை அமைத்துச் சுட்டுப் பார்த்த சோதனைகளைக் கொண்டு விடை சொன்னவர். நொடிக்குச் சுமார் 300 அடி என்பது அவர் தந்த விடை. இத்தகைய நேர்மையை மதிக்கவேண்டும். ஆயினும் நூல் பெயருக்கேற்றபடி குறிப்பேடாகவே நின்றுவிட்டது. எஃகு ஓர் அத்தியாயத்தில், அழுத்தம் வேறோர் அத்தியாயத்தில், மருந்து இன்னோரிடத்தில். சிதறிக் கிடக்கும் விபத்துகளை ஒன்றாகக் கோத்து, 'இவை அனைத்துக்கும் பொதுவான காரணம் இது' என்று காட்டும் பக்கம் இல்லை. அந்த வேலை வாசகர் தலையில் விழுகிறது.

இரண்டாவது குறை சற்றுப் பெரிது. உலோகம் ஏன் முறிந்தது என்பதை அலசும் ஆசிரியர், மனிதன் ஏன் அப்படிச் செய்தான் என்பதற்குத் தரும் இடம் சிறிது. எச்சரித்த பிறகும் மசகு தடவியவன் மூடன் என்று எண்ணிவிடத் தோன்றுகிறது. ஆனால் நேற்றுவரை சரியென்று சொல்லிக்கொடுத்த செயலை இன்று ஒரு வார்த்தையால் நிறுத்திவிட முடியுமா? 1928-ல் ஐயத்துக்குரிய ரைபிள்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோதும் இதே மனப்பாங்கைக் காண்கிறோம். இனி வழங்கவேண்டாம், போர்க்காலக் கையிருப்பாக ஒதுக்கி வையுங்கள், முடிவைப் பிறகு பார்க்கலாம் என்பதே மேலதிகாரியின் பரிந்துரை. சீட்டு உதிர்ந்த குப்பியை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவைக்கும் மாணவனுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? பத்து லட்சம் ரைபிள்களின் விலை பெரிது, ஆகவே தயக்கமும் பெரிது, அவ்வளவுதான்.

மூன்றாவது குறை நூலைவிட அதை வாசிக்கும் முறையைச் சார்ந்தது. துப்பாக்கிகளை வேண்டுமென்றே வெடிக்கவைத்துச் சோதித்த ஆக்லி போன்றோரின் எழுத்துகளும் அமெரிக்காவில் புகழ் பெற்றவை. ஜப்பானிய ரைபிள் ஒன்று எதிர்பாராத அளவுக்குத் தாங்கியது என்று அவர் கண்டார். இதைப் படிப்பவர் என்ன கற்கிறார்? சிலர் 'எஃகு தாங்கும்' என்று கற்றுக்கொள்கிறார்கள். ஒரு துப்பாக்கி ஒருமுறை தாங்கியது என்பது அந்தத் துப்பாக்கியைப் பற்றிய செய்தி மட்டுமே. வெடித்த 68-ம் முதல்நாள் வரை தாங்கியவைதாமே!

கைநூல்களும் 'கவனமாக இருங்கள்' என்ற அறிவுரையும்

ஹாட்சருக்குப் பின் வந்த கைநூல்கள் பல. லைமன், ஸ்பியர், ஹார்னடி, சியரா முதலிய நிறுவனங்கள் வெளியிடுபவை. தொடக்கத்தில் சில பக்கங்களில் கட்டளைகள். பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களில் அளவுப் பட்டியல்கள். கட்டளைகள் யாவும் சரியானவை. மேசைமேல் ஒரே ஒரு மருந்துக் குடுவைதான் இருக்கவேண்டும். சீட்டில்லாத மருந்தைத் தொடாதே. குறைந்த அளவில் தொடங்கு. கவனம் சிதறும்போது வேலை செய்யாதே. ஆனால் ஏன் என்பது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. காரணம் தெரியாத கட்டளையை மனிதன் அவசரத்தில் மறப்பான். காரணம் தெரிந்தால் மறப்பது கடினம்.

உதாரணமாக, அளவைக் கருவியின் மேற்குடுவையில் நேற்று விட்ட மருந்து மிச்சம் இருக்கிறது. எந்த மருந்து என்பது சரியாக நினைவில்லை. அலமாரியில் இருக்கும் குடுவையில் உள்ளதைப் போலவே தோன்றுகிறது. திரும்ப ஊற்றிவிடலாமா? கூடாது. ஏன்? மருந்தின் எரியும் வேகம் மணிகளின் பருமன், வடிவம் ஆகியவற்றோடு அவற்றின் மேலுள்ள தணிப்புப் பூச்சையும் பொறுத்தது. பூச்சு கண்ணுக்குத் தெரியாது. கரும்பழுப்பு நிறச் சிறு உருளைகள் இரண்டு வகையிலும் ஒன்றுபோலவே இருக்கும். கொல்லர்கள் எஃகின் நிறத்தைப் பார்த்தது போல நீங்கள் மருந்தின் நிறத்தைப் பார்க்கிறீர்கள். அது மட்டுமா? தெரியாத மருந்தை ஊற்றிவிட்டால் குடுவையில் இருந்த நல்ல மருந்தும் தெரியாத மருந்தாகிவிடும். ஒரு கைப்பிடியைக் காப்பாற்றப் போய் ஒரு பவுண்டு கெடும்.

பெயர்களும் துணை செய்வதில்லை. 4350 என்ற ஒரே எண்ணை வெவ்வேறு முன்னெழுத்துகளோடு தாங்கிய மருந்துகள் விற்பனையில் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. 4895 என்ற எண்ணுக்கும் இதே கதை. மாறாக, ஹெச்பி-38, வின்செஸ்டர் 231 என்று இரு பெயர்களில் விற்பது ஒரே மருந்து! எண் ஒன்று, பொருள் வேறு. பெயர் வேறு, பொருள் ஒன்று. புதிதாகத் தொடங்குபவரைக் 'கவனமாக இரு' என்று சொல்லிவிட்டு இத்தகைய பெயர்களை அவர் கையில் தருவது நியாயமா? இந்தக் கேள்வியைக் கைநூல்கள் கேட்பதில்லை. அவற்றை வெளியிடுவோர் பலர் இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் அல்லவா?

அடுத்து அளவுப் பிழை. பெரிய ரைபிள் கூட்டில் உரிய மருந்து கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். இருமுறை ஊற்றினால் வெளியே வழியும், பிழை தானே காட்டிக்கொடுக்கும். குறைந்த மருந்து போடும் தோட்டாவில்தான் இருமுறை ஊற்றினாலும் தெரியாது. ஆக, மென்மையான தோட்டாதான் பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்கே பொய்க்கிறது. மருந்தே விழாமற்போனாலும் ஆபத்துண்டு. கேப்பின் வலிமை மட்டும் குண்டைக் குழலுக்குள் சிறிது தூரம் தள்ளி நிறுத்திவிடலாம். சத்தம் குறைவாக இருந்ததே என்று நின்று பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால், முன்னதன்மேல் பின்னது மோதிக் குழல் பிதுங்கும் அல்லது வெடிக்கும்.

நூறு தோட்டாக்களை முடித்த பின் 'ஒன்றில் மருந்து கூடிவிட்டதோ' என்று ஐயம் வருகிறது. முழுத் தோட்டாக்களையும் நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்பார் பலர். கணக்கிட்டுப் பாருங்கள். இவ்வகை எடைகளுக்குக் 'கிரெயின்' என்ற அளவு வழக்கில் உள்ளது. 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. அதாவது ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். மருந்தே விழாத தோட்டா ஐம்பது கிரெயின் வரை இலேசாக இருக்கும். தராசு அதைக் காட்டிவிடும். ஆனால் கூடிப்போனது இரண்டு கிரெயின் என்றால்? வெவ்வேறு ஆலைகளின் பித்தளைக் கூடுகள் தமக்குள்ளேயே அதைவிட அதிகம் வேறுபடும். தேடும் வேறுபாடு இயல்பான வேறுபாட்டுக்குள் மறைந்துவிடுகிறது. ஆகவே தராசு 'சரி' என்றால் சரி என்று பொருளன்று. நூறு குண்டுகளையும் அதற்கான கருவியால் பிடுங்கி, பிரித்து, மீண்டும் தொடங்குவதே வழி. ஒரு மாலைப்பொழுது போகும். போகட்டும்.

கூட்டின் வாய் திறந்திருக்கும்வரைதான் பிழை கண்ணுக்குத் தெரியும். எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியில் மருந்தின் மட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குண்டைச் செருகவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். பிழையைப் பின்னால் தேடுவதைவிட, அது வெளியே தெரியும் கட்டத்தில் ஒரு நிமிடம் நிற்பது எளிது. கேப்பு சற்று மேலே துருத்திக்கொண்டிருப்பது இன்னொரு பிழை. தானியங்கித் துப்பாக்கிகள் சிலவற்றில் ஊசி தளர்வாக இருப்பதால், அறை முழுதும் மூடுமுன்பே அத்தகைய கேப்பு தட்டப்பட்டு வெடிக்க இடமுண்டு. மருந்தும் குண்டும் ஏறிய தோட்டாவில் கேப்பை மீண்டும் அழுத்திச் சரிசெய்ய முயல்வதோ பிழையைத் திருத்தப் பெரும் பிழை செய்வதாகும்.

முடிவாக

ஹாட்சரின் குறிப்பேடு ஒழுங்கற்ற நூல். ஆயினும் படிக்கவேண்டிய நூல். தன் துறையின் தோல்விகளை ஆண்டும் எண்ணும் காரணமும் இட்டு எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர்? வெற்றிகளின் வரலாறு எங்கும் கிடைக்கும். 68 தோல்விகளின் பட்டியல்தான் அரிது. ஒழுங்கான கைநூல்கள் பல செய்யத் தவறியதை இந்த ஒழுங்கற்ற நூல் செய்திருக்கிறது: 'கவனமாக இரு' என்பதற்குப் பதிலாக, கவனமாக இருந்தவர்களும் எப்படித் தவறினார்கள் என்று காட்டுகிறது. அதை ஆசிரியரே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் நூலின் பயன் இரட்டிப்பாகியிருக்கும்.

துப்பாக்கியைத் தொடாத நமக்கும் இதில் பங்குண்டு. அடுத்தமுறை ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும்போது அந்தக் குப்பியைத் தேடுங்கள். ஆசிரியரிடம் சொல்லி முறைப்படி அப்புறப்படுத்துங்கள். பின்பு ஒரு நோட்டை வாங்கி அலமாரியின் ஓரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். என்ன உடைந்தது, என்ன கலந்துபோனது, ஏன் நேர்ந்தது என்று தேதியிட்டு எழுதுங்கள். யார் செய்தார் என்று எழுதவேண்டாம். பெயர் கேட்டால் பிழை ஒளிந்துகொள்ளும். காரணம் கேட்டால் அது பாடமாகும்.